அந்தக் கட்டத்தில் டிக் போட்டது யார்?

எக்ஸோம் பரிசோதனைக்கான படிவம் பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் பெயர், வயது, அனுப்பிய டாக்டர். அடுத்து வம்சாவளிப் படம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு அடைப்பு. சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் இணைப்புக் கோடு இரட்டைக் கோடாகிவிடும். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, பல ஆய்வகங்களின் படிவங்களில் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் வந்த நோய்க்குத் தொடர்பில்லாத வேறு முக்கியமான மரபணு மாற்றம் தெரியவந்தால் சொல்லலாமா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள்.

வலிப்பு நிற்காத மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நல்கொண்டாவிலிருந்தோ கர்னூலிலிருந்தோ ஹைதராபாத் வந்திருக்கும் ஒரு தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். படிவம் அவர் கைக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. பணம் கட்டும் கவுன்டரைச் சாப்பாட்டுக்கு மூடப்போகிறார்கள். “அன்னீ சூசேயண்டி, டாக்டர் காரு” என்பார். எல்லாத்தையும் பாத்துடுங்க. ‘ஆம்’ கட்டத்தில் டிக் விழும். சில சமயம் அதைக்கூட அவர் போடுவதில்லை. படிவம் நிரப்பித் தருகிறவரே போட்டுவிடுவார்.

எல்லாவற்றையும் பார்ப்பது என்றால் என்ன என்று அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவருக்கு விளக்கியிருக்கப் போவதில்லை. மனிதனின் மரபணு வாசகம் சுமார் 300 கோடி எழுத்து நீளம். புரதம் செய்வதற்கான குறிப்புகள் அதில் ஒன்றிரண்டு சதவீதம்தான். சுமார் 20,000 மரபணுக்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பகுதியை மொத்தமாகப் படிப்பதுதான் எக்ஸோம். வலிப்புக்குக் காரணம் தேடிப் போகும் கருவி மற்றதையும் சேர்த்தே படித்துவிடுகிறது. எந்த மாற்றம் யாரிடமிருந்து வந்தது என்று பிரித்தறிய அப்பா, அம்மா ரத்தத்தையும் கூடவே அனுப்புவது வழக்கம். ஆக, பிள்ளைக்காகக் கொடுத்த ரத்தத்தில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் அம்மாவிடம் இருப்பது தெரியவரலாம். அப்பாவின் இதயத்தில் என்றோ வரக்கூடிய கோளாறு தெரியலாம். கணவனும் மனைவியும் தாங்கள் நினைத்ததைவிட நெருங்கிய சொந்தம் என்பது தெரியலாம். அப்பா, அப்பாவே இல்லை என்பதுகூடத் தெரியலாம். இந்தக் கடைசிச் சங்கதியை ஆய்வகங்கள் பொதுவாக ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. ஆனால் அங்கே யாரோ ஒருவர் அதைப் பார்த்திருப்பார்.

எதைத் தேட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்குப் பல நாடுகளின் ஆய்வகங்கள் புரட்டும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவ மரபியலாளர் அமைப்பு 2013-ல் வெளியிட்டது. அப்போது அதில் 56 மரபணுக்கள். இப்போது எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. பட்டியலில் ஏற ஒரு தகுதி வேண்டும்: தெரிந்தால் ஏதாவது செய்ய முடிய வேண்டும். அடிக்கடி ஸ்கேன் எடுக்கலாம், மாத்திரை தரலாம், அறுவை செய்யலாம் என்று ஏதோ ஒன்று. அல்சைமரும் ஹன்டிங்டனும் அதில் இல்லை. முதல் பட்டியல் பெரிய சண்டையைக் கிளப்பியது. நோயாளிக்கு விருப்பமா என்று கேட்க வேண்டாம், வயதும் பார்க்க வேண்டாம், தேடிச் சொல்லிவிடுங்கள் என்றது அந்த அமைப்பு. கை முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தால் டாக்டர் சொல்லாமல் இருப்பாரா என்பது அந்தப் பக்கத்து வாதம். எதிர்ப்பு பலமாக வரவே 2014-ல் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைச் சேர்த்தார்கள். நம் படிவத்தின் இரண்டு சின்னக் கட்டங்கள் அந்தச் சண்டையின் மிச்சம்.

என் குறை அந்தக் கட்டங்கள் இருப்பதில் இல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பல செய்திகளுக்கு ஒரே ஒரு ‘ஆம்’ போதும் என்று நினைப்பதில்தான். அதைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

இருபத்தைந்து எழுத்து

மெட்ரோவின் நீல வழியில் தார்நாக்கா தாண்டி உப்பல் நோக்கிப் போனால் வரிசையாக ஆராய்ச்சி நிறுவனங்களின் மதில்கள். ஹப்சிகுடாவில் 1977-ல் தொடங்கிய உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம். எல்லோருக்கும் அது சி.சி.எம்.பி. இன்னும் கொஞ்ச தூரத்தில் உப்பலில் டி.என்.ஏ. ரேகைப் பதிவு, நோயறிதல் மையமான சி.டி.எஃப்.டி. இந்தியர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், யாரோடு கலந்தவர்கள் என்ற கேள்விகளுக்கு 2009-ல் உலகம் கவனித்த பதில் ஒன்று சி.சி.எம்.பி.யிலிருந்து போனது. லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கோடு சேர்ந்து செய்த ஆய்வு அது.

அதே 2009-ல் இன்னொரு கட்டுரையும் வந்தது. பெருந்துறை தண்டபாணி மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை, தங்கராஜ் போன்றோரின் துணையோடு நாடு தழுவியதாக வளர்ந்து ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியானது. இதயத் தசையைச் சுருங்கவைக்கும் புரதங்களில் ஒன்றை எழுதும் மரபணு எம்.ஒய்.பி.பி.சி.3. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு அதில் 25 எழுத்து காணாமல் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் ஆறு கோடிப் பேர். எழுத்து இழந்தவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றது கட்டுரை. பிள்ளை பெற்று முடித்த நடுவயதுக்குப் பிறகே தொல்லை தலைகாட்டுவதால்தான் இந்தக் கோளாறு தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்படாமல் தப்பித்து வந்திருக்கிறது என்று விளக்கமும் தந்தார்கள்.

செய்தித்தாள்களுக்கு இது போதாதா? நூற்றில் நான்கு இந்தியர்களின் இதயத்தில் வெடிகுண்டு என்கிற தொனியில் எழுதித் தள்ளினார்கள். அந்த வாரம் ஒருவர் தன் ரத்தத்தைப் பரிசோதித்து ‘இருக்கிறது’ என்ற பதிலோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவர் எப்படித் தூங்கியிருப்பார்? மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்த 25 எழுத்து ஞாபகம் வந்திருக்காதா?

கதை அங்கே நிற்கவில்லை. 2018-ல், மதுரையில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் சக்திவேல் சடையப்பனின் குழு அங்கே வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்தது. எழுத்து இழந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதயம் மிகையாகச் சுருங்குவது அவர்களிடம்தான் தெரிந்தது. 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தடித்த இதயத் தசை நோய் பற்றிய தரவுகளை மீண்டும் அலசினார்கள். அபாயத்தின் பெரும்பகுதி 25 எழுத்து இழப்பால் வருவதில்லை, சிலரிடம் மட்டும் அதன் அருகில் ஒளிந்திருக்கும் வேறொரு மாற்றத்தால் வருகிறது என்றார்கள். அந்த ஆறு கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோருக்கு 2009-ன் பயம் அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது. ஆனால் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போனவர் கையில் இருப்பது பழைய தாள்.

தெரிந்துகொள்வதற்கு இன்னொரு விலையும் உண்டு. தடித்த இதயத் தசை நோய் உள்ள ஒரு பாலிசிதாரரின் மருத்துவச் செலவைத் தர மறுத்தது ஒரு காப்பீட்டு நிறுவனம். மரபுவழி நோய்களுக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 பிப்ரவரியில் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த விதிவிலக்கு மிகப் பரந்தது, பாரபட்சமானது, அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மரபுவழி நோய் என்று காரணம் காட்டி உரிமைகோரலைத் தள்ளக் கூடாது என மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல காரியம். ஆனால் அது மருத்துவக் காப்பீட்டோடு நிற்கிறது. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் அப்பா எந்த வயதில் எதனால் இறந்தார் என்று இன்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2008-ல் வந்ததுபோல மரபணுப் பாகுபாட்டுக்கென்றே ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

ஸ்கோலின் கதை

அப்படியானால் வேண்டாம் என்பதுதான் புத்திசாலித்தனமா? அறுவை அரங்குக்குள் போய்ப் பார்த்தால் பதில் தலைகீழாகிவிடும்.

மயக்க மருந்து டாக்டர்கள் தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து போடுவார்கள். சக்சினைல்கோலின் என்பது அதன் பெயர். நம்மூர் அரங்குகளில் ஸ்கோலின். போட்ட ஒரு நிமிடத்துக்குள் உடல் முழுதும் செயலற்றுப்போகும், மூச்சுவிடும் தசைகளும் சேர்த்து. ஐந்து பத்து நிமிடத்தில் ரத்தத்திலுள்ள ஒரு நொதி மருந்தை உடைத்துப்போட்டுவிட, மூச்சு தானாகத் திரும்பும். அந்த நொதியைச் செய்யும் பி.சி.எச்.இ. மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகியிருப்பவருக்கு மூச்சு சீக்கிரம் திரும்பாது. சின்ன அறுவைதான், எல்லாம் முடிந்துவிட்டது, நோயாளி கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடக்கிறார், மணிக்கணக்கில் வென்டிலேட்டர். அரங்கில் இருப்பவர்களுக்குக் காரணம் புரிந்தால் காத்திருப்பார்கள், தானே சரியாகும். புரியாவிட்டால் ஆபத்து.

தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு எங்கும் வணிகம் செய்து வாழும் ஆரிய வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட மிக அதிகம். தெற்கே மயக்க மருந்து டாக்டர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயம்தான். ஏன் என்பதற்கான விடையைத் தங்கராஜும் ரைக்கும் அவர்களது குழுவும் 2017-ல் விரிவாக எழுதினார்கள். சுமார் நூறு தலைமுறையாக அந்தச் சமூகம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கிறது. முன்னோர் சிலரிடம் இருந்த ஒரு பழுது லட்சக்கணக்கானவர்களிடம் பரவிவிட்டது. இது அவர்களுக்கு மட்டுமான கதை அல்ல என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். பார்த்த 263 குழுக்களில் 81 குழுக்களில், மரபியல் நூல்கள் உதாரணம் காட்டும் ஃபின்லாந்துக்காரர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும்விட முன்னோர் எண்ணிக்கையின் இந்தக் குறுகல் கடுமையாக இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள குழுக்களும் அதில் உண்டு. தெலுங்கில் மேனரிகம் என்பதும் நம்மில் அத்தை மகன், மாமன் மகள் என்பதும் வேறு கணக்கு. அது இந்தக் குறுகலின் மேல் இன்னொரு அடுக்கு. சாதிக்குள் திருமணம் மட்டுமே, நெருங்கிய சொந்தம் இல்லாமலே, இந்த வேலையைச் செய்துவிடும்.

ஸ்கோலின் விஷயத்தில் தெரிந்துகொள்வதால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட வேண்டிய நோயில்லை, கல்யாணச் சந்தையில் விலை குறையாது. பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு, அறுவைக்குப் போகும்போது எடுத்து நீட்டினால் வேறு மருந்து போட்டுவிடுவார்கள். இதற்கு ‘இல்லை’ கட்டத்தில் டிக் போடுகிறவரிடம் நான் சண்டைக்கே போவேன். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கர்கள் வகுத்த அந்த 80 சொச்சப் பட்டியலில் பி.சி.எச்.இ. கிடையாது. நமக்கு வேண்டியதை நாமே பட்டியலிடாமல் அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துவதன் விளைவு இது.

2017 கட்டுரை இன்னொரு யோசனையையும் தொட்டது. பழமைவாத யூதர்களிடம் டோர் யெஷோரிம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. டே-சாக்ஸ் என்ற மரபுவழி நோய்க்குத் தன் பிள்ளைகள் நால்வரைப் பறிகொடுத்த ரப்பி ஜோசஃப் எக்ஸ்டீன் 1983-ல் தொடங்கியது. பள்ளி வயதில் ரத்தம் எடுத்து ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். முடிவைச் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்கும் பேச்சு வரும்போது இரு வீட்டாரும் இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்டால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். தனக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே காரியம் நடந்துவிடுகிறது. பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணங்கள் நடக்கும் நம் நாட்டுக்கும் இது ஒத்துவரலாம் என்பது கட்டுரையாளர்களின் நினைப்பு. ஜாதகக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடும் நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமே இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ‘பொருந்தாது’ என்ற பதில் வந்த பிறகு, எங்கள் பையனிடம் கோளாறா உங்கள் பெண்ணிடம் கோளாறா என்று கேட்காமல் நம்மவர்கள் எழுந்து போவார்களா? போனாலும், ஊரில் பேச்சு யாரைப் பற்றி ஓடும்?

கேள்வியே கேட்கப்படாமல் பதில் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தெலங்கானாவின் ஆதிலாபாத், பத்ராசலம் பக்கத்துக் கோண்டுகளும் கோயாக்களும் வாழும் பகுதிகளும் இதில் வரும். பரிசோதித்தவருக்கு அட்டை தருகிறார்கள். நோய் உள்ளவர், கடத்துபவர், இரண்டும் இல்லாதவர் என்று அதில் தெரிந்துவிடும். திருமணத்துக்கு முன் இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள் என்பது அறிவுரை. அரிவாள் செல் கொடிய நோய், சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கவைக்கலாம், இயக்கம் தேவைதான். ஆனால் ஹைதராபாத்தின் பணக்கார ஜூபிலி ஹில்ஸ்காரருக்கு ஆலோசகர், படிவம், இரண்டு கட்டம். கோயா வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாசலில் விரல் நுனியில் ஒரு குத்து. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில் வர்க்கமும் இருக்கிறது.

வேண்டாம் என்றவர்கள்

அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது. யுனெஸ்கோவின் 1997 மனித மரபணுப் பிரகடனம், பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அதைப் பயன்படுத்தியவர்களில் பிரபலமானவர் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனேதான். தன் முழு மரபணு வாசகத்தையும் உலகறிய வெளியிட்டவர், அல்சைமர் அபாயத்தைச் சொல்லும் ஏ.பி.ஓ.இ. மரபணுவை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். அவர் பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. பக்கத்து எழுத்துகளை வைத்து மறைத்ததை ஊகித்துவிடலாம் என்று வேறு விஞ்ஞானிகள் எழுத, சுற்றியுள்ள பகுதியையும் நீக்க வேண்டியதாயிற்று. ஹன்டிங்டன் நோயின் மரபணுவை 1993-ல் கண்டுபிடித்த கூட்டு முயற்சிக்குத் தலைமை தாங்கிய நான்சி வெக்ஸ்லரின் அம்மா அதே நோயில் இறந்தவர். தன் உழைப்பால் சாத்தியமான பரிசோதனையைத் தானே செய்துகொள்ளாமல் இருந்தார் நான்சி. நோய் தனக்கும் வந்துவிட்டதை 2020-ல் தானே வெளியே சொன்னார்.

இருவரும் தமக்காகத் தாமே முடிவெடுத்தவர்கள். நம் வீடுகளில் அப்படி நடப்பதில்லை. படிவத்தில் டிக் போடுவது அப்பா, ரிப்போர்ட்டை வாங்கப் போவது சித்தப்பா, அம்மாவிடம் எவ்வளவு சொல்லலாம் என்று முடிவெடுப்பது மாமியார். சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தின் ஆய்வில், தென்னிந்தியப் பெண்களிடம் பி.ஆர்.சி.ஏ.1-இன் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அடிக்கடி தென்பட்டது. அப்படியொன்று ஒரு பெண்ணிடம் தெரிந்தால் அவள் அக்கா, தங்கைகளுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “இப்போ எதுக்கு, கல்யாணம் முடியட்டும்” என்று ரிப்போர்ட் பீரோவுக்குள் போகிறது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அந்தத் தங்கை சொல்லவே இல்லை. அவளைக் கேட்கவே இல்லை. இதை அறியாதிருக்கும் உரிமை என்று யாரும் அழைக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் விசித்திரம். கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பார்க்கும் பரிசோதனை இன்று ஹைதராபாத்திலும் சென்னையிலும் சாதாரணம். அமெரிக்காவில் அப்படி எடுத்த ஒன்றேகால் லட்சம் மாதிரிகளை அலசி 2015-ல் வந்த கட்டுரை, பிசகான முடிவு வந்த பத்துத் தாய்மார்களுக்குப் பிறகு புற்றுநோய் தெரியவந்ததைச் சொன்னது. 2024-ல் வெளியான ஆய்வில், புரியாத முடிவு வந்த 107 பெண்களை முழு உடல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 பேருக்குப் புற்றுநோய். குழந்தையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குத் தன்னைப் பற்றிய பதில். அதே ரத்தத்தில் கரு ஆணா பெண்ணா என்பதும் தெரிகிறது, ஆனால் 1994 சட்டப்படி அதைச் சொன்னால் குற்றம். மரபணுச் செய்திகளில் எதைச் சொல்லக் கூடாது என்று இந்தியச் சட்டம் உறுதியாக முடிவெடுத்த இடம் அதுதான். மற்றதெல்லாம் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 2019-ல் சி.சி.எம்.பி.யும் டெல்லியின் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி.யும் ஆறே மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் இந்தியர்களின் முழு மரபணுவையும் படித்தபோது, பங்கேற்றவர்கள் தமக்கு உதவக்கூடிய தகவலைப் பார்க்க அட்டையும் செயலியும் தந்தார்கள். வேண்டும்போது திறந்து பார்க்கலாம். கவுன்டர் மூடுவதற்குள் முடிவு சொல்ல வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் மரபியல் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். பேகம்பேட்டையில் உஸ்மானியா பல்கலைக்கழகம் மரபுநோய்களுக்கென்றே ஒரு மருத்துவமனை நடத்திய ஊர் இது. ரத்தம் எடுக்கும் நாளில் நோயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, மற்றதைப் பேச இரண்டு வாரம் கழித்து அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாக வரச்சொல்லலாம். ஒரே ‘ஆம்’க்குப் பதில், மருந்து ஒத்துக்கொள்ளாமைக்கு ஒரு கட்டம், தடுக்கக்கூடிய நோய்க்கு ஒன்று, பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியதற்கு ஒன்று என்று பிரிக்கலாம். பிள்ளைக்கு முப்பது வயதுக்கு மேல் வரக்கூடிய நோய் எதுவோ, அதைப் பற்றிய கட்டத்தை அந்தப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை காலியாகவே விடலாம். பெரியவர்களுக்கு வரும் நோய்க்குக் குழந்தையைப் பரிசோதிக்காதீர்கள் என்பது மரபியல் மருத்துவர்களிடம் நெடுநாளாக உள்ள நெறிதான்.

இன்னொரு வரியும் படிவத்தில் வேண்டும்: இன்று சொன்னதன் அர்த்தம் நாளை மாறினால் எங்களைக் கூப்பிடுவீர்களா? 25 எழுத்து விவகாரத்தில் அர்த்தம் மாற 11 வருடம் ஆயிற்று. அதற்குள் கைபேசி எண் மாறியிருக்கும், டாக்டர் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார், ஆய்வகத்தை வேறொருவர் வாங்கியிருப்பார். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும் கடமையை எந்தச் சட்டமும் இங்கே ஆய்வகத்தின் மேல் வைக்கவில்லை. ஆகவே ரிப்போர்ட் வைத்திருக்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தாங்களே போய், இதை மறுபடி பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் இப்போதைக்கு வழி. பழைய தரவை மறு ஆய்வு செய்து தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கேட்கப் போகும்போது அந்த மூன்று நான்கு பக்கப் படிவத்தின் பிரதியையும் வாங்கிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது, யாருடைய கையெழுத்து இருக்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியும்.